மலையில்லாத ஊரில் மலையேற்றம்: வல்லிபுரத்திலிருந்து மணற்காடு வரை

யாழ்ப்பாணத்தில் கீரிமலை உண்டு, மலை கிடையாது. சுண்ணாம்புக்கல்லின் மேல் விரித்த பாய்போலக் கிடக்கும் குடாநாடு இது. மழை வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுவது என்று தயங்கும் அளவுக்குத் தட்டையான நிலம். ஆகவே மலையேறும் ஆசை வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போய்விடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போனேன். சொந்த ஊரில் ஏறுவதற்கு ஒன்று இருக்கிறது என்பதை முப்பது வயதுக்குப் பிறகுதான் கால் கண்டுகொண்டது. அது கல்லால் ஆனதல்ல, மணலால் ஆனது.

பருத்தித்துறைக்குக் கிழக்கே கரை தென்கிழக்காகத் திரும்பியதும் நிலத்தின் சாதியே மாறிவிடுகிறது. வடகரையில் பாறை, இங்கே மணல். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் தொண்டைமானாற்றோடு சேரும் நீரேரி. இரண்டுக்கும் நடுவில் வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, அம்பன் என்று மணற்குன்றுகள் தொடர்ந்து போகின்றன. உயரத்தை மீட்டரில் அளந்தால் சிரிப்பீர்கள். ஏறிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள். உலர்ந்த மணலில் இரண்டு அடி வைத்தால் ஓரடி பின்னால் வழுக்கும். உயரம் பாதியானாலும் உழைப்பு இரட்டிப்பு.

இந்த மணலுக்குள் பழைய ஒற்றையடிப் பாதைகள் பல இருந்தன. கரையிலிருந்து மீன் கடகத்தைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போன பெண்களின் பாதை, ஞாயிறுதோறும் வல்லிபுரத்து விஷ்ணுவான ஆழ்வாரைக் கும்பிட வந்தவர்களின் பாதை, வண்டில்கள் மணலில் புதைந்து புதைந்து போன தடம். தார்வீதியும் மோட்டார்சைக்கிளும் வந்தபின் அவற்றில் நடக்க ஆளில்லை, போரும் இடப்பெயர்வும் மிச்சத்தை மறக்கடித்தன. அந்தப் பாதைகளில் ஒன்றைத் தேடி நடப்பதற்கான வழிகாட்டி இது.

தூரமும் நேரமும்

வல்லிபுர ஆழ்வார் கோயிலிலிருந்து மணற்காட்டுக் கிராமம் சுமார் 6 கிலோமீட்டர். தார்வீதியில் அது ஒன்றரை மணி நேர நடை. மணலில் ஏறி இறங்கி, நின்று பார்த்து, வழி தவறித் திரும்பி நடந்தால் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். முதல் தடவை போகிறவர்கள் நாலு மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு நெல்லியடி ஊடாகப் போகும் 750ஆம் இலக்க பஸ் இருக்கிறது. ஆனால் விடியமுன் கோயிலடியில் நிற்க வேண்டுமானால் முதல்நாளே பருத்தித்துறைக்கு வந்து தங்குவதுதான் புத்தி. இரவுக்கே ஒரு ஓட்டோவைப் பேசி வைத்துவிடுங்கள். காலை ஐந்து மணிக்குத் தெருவில் நின்று தேடினால் நாய்கள்தான் கிடைக்கும்.

எந்த மாதம்?

மாசி, பங்குனி மாதங்களுக்கு என் முழு வாக்கு. மாரி முடிந்து மணலுக்குள் ஈரம் மிச்சமிருக்கும், அதனால் கால் அதிகம் புதையாது. கொடிகளும் பச்சையாக இருக்கும். சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அப்போது காலை எட்டரைக்கே மணல் அடுப்பாகிவிடும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று. அது பறக்கவிடும் மணல் கண்ணையும் காதையும் கைப்பேசித் துளைகளையும் நிரப்பும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்கு வாடையும் மழையும், இடையிடையே புயலும். அப்போது போகவே வேண்டாம்.

புரட்டாதிப் பௌர்ணமியை ஒட்டி வரும் வல்லிபுரத் திருவிழாவின் கடல் தீர்த்த நாள் தனிக்கணக்கு. அன்று நடைப்பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆயிரக்கணக்கான சனத்தோடு மணலைக் கடந்து கடலுக்குப் போவீர்கள். ஆனால் பழைய நடை எப்படி இருந்திருக்கும் என்று அறிய அதைவிட நல்ல நாள் வேறில்லை.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும்?

தண்ணீர். ஆளுக்கு மூன்று லீட்டர், குறைத்துப் பேரம் பேச வேண்டாம். நான் முதல் தடவை ஒரு லீட்டர் போத்தலோடு வீரனாகப் புறப்பட்டேன். ஒன்பதரைக்கு அது முடிந்தது. பத்தரைக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பதினொரு மணிக்கு மீனவர் குடிசையான மீன்வாடியொன்றில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலே செம்பை நீட்டினார். அது அவர் வாடிக்குப் பின்னால் மணலில் தோண்டிய சிறு ஊற்றுக்குழியான பூவலில் அள்ளிய தண்ணீர். கடல் நூறு மீட்டரில் இரைந்துகொண்டிருக்க, உப்பின் சுவடே இல்லாத தண்ணீர். அந்தச் செம்புத் தண்ணீர்தான் பிற்பாடு எனக்குப் பாதையைக் காட்டிக் கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பருத்தித்துறைத் தட்டை வடையை மிஞ்ச ஒன்றுமில்லை. பழுதாகாது, நசுங்காது, வெயிலுக்கு வேண்டிய உப்பும் உறைப்பும் அதிலேயே இருக்கிறது. கூடவே ஒரு குட்டான் பனங்கட்டி. களைப்பில் ஒரு துண்டை வாயில் போட்டால் கால் திரும்ப வரும். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல் கொண்டுபோகச் சொல்வோரும் உண்டு. பல் நன்றாக இருந்தால் சரி, ஆனால் அது தண்ணீரைக் கேட்கும்.

காலுக்கு என்ன போடுவது என்பதில் நண்பர்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது. செருப்பு மணலை அள்ளி முதுகில் எறியும். வெறுங்கால் எட்டு மணிவரை சொர்க்கம், அதன்பின் கொப்புளம். கணுக்காலை மூடும் இலேசான சப்பாத்து, தடித்த காலுறை, முழுநீளப் பருத்திக் காற்சட்டை என்பது என் முடிவு. வெயில் மட்டுமல்ல அதற்குக் காரணம். குடாநாட்டின் வறண்ட மணற்பாங்கில் சுருட்டை விரியன் உண்டு. உருவத்தில் சிறிது, மணல் நிறம், மிதித்தால் கடிக்கும். புதருக்கும் விழுந்த ஓலைக்கும் அடியில் கை வைக்காதீர்கள், ஒரு தடியால் தட்டிக்கொண்டு நடவுங்கள். கடித்துவிட்டால் கட்டு, கீறல், மந்திரம் ஒன்றும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசில்லை. கிட்டிய பெரிய ஆஸ்பத்திரி மந்திகையில் இருக்கும் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை.

ஓலைத் தொப்பி, அடையாள அட்டை, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி. குடை வேண்டாம், காற்று அதை முதல் குன்றிலேயே பூவாக மலர்த்திவிடும்.

முதல்நாள் மாலை: தெருமூடி மடம்

பருத்தித்துறையில் தங்கும் மாலையில் தும்பளை வீதியால் போய்த் தெருமூடி மடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெயரே விளக்கம்: தெரு உள்ளே புகுந்து போக, மடம் அதன்மேல் கூரையாக மூடி நிற்கிறது. இரண்டு பக்கமும் கற்றூண்களுக்கிடையே திண்ணை. நடந்து வந்தவன் வெயிலிலிருந்து விலகி இளைப்பாறவே வேண்டியதில்லை, வழியே நிழலுக்குள் போகிறது. அந்தக் காலத்து வழிகளில் மடத்தோடு கிணறோ கேணியோ இருக்கும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி இருக்கும், மாடு முதுகு தேய்க்க ஆவுரோஞ்சிக் கல் இருக்கும். நடப்பவனையும் அவன் மாட்டையும் மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. நாளை மணலில் நீங்கள் தேடப்போவது இந்த ஏற்பாட்டின் ஏழை வடிவத்தைத்தான். மடம் இருக்காது. ஒரு கிணறும் ஒரு மர நிழலும் இருந்தால் பெரிய காரியம்.

கோயிலடி, காலை ஐந்தரை

நடையை ஆழ்வார் கோயிலிலிருந்து தொடங்குங்கள். மூலத்தானத்தில் இருப்பது சக்கரம். கடலில் மீனாகத் துள்ளி, பிள்ளையில்லாத ஒரு பெண்ணின் மடியில் விழுந்து சக்கரமானது என்பது ஊர்க்கதை. கரையோர மக்களின் கோயில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கோயிலைச் சுற்றியுள்ள மணல், வெறும் மணலல்ல. 1936இல் இங்கே கிடைத்த பொற்சாசனம் பிராகிருத மொழியில் பிராமி எழுத்தில் எழுதப்பட்டது. அனுராதபுரத்து வசப மன்னன் காலத்தைச் சொல்லி, இப்பகுதிக்கு நாகதீவு என்ற பெயரையும் தருகிறது. கிறிஸ்துவுக்குப் பின் முதலாம், இரண்டாம் நூற்றாண்டுக் கணக்கு. அதற்கு முன்னரே கோயில் சுற்றாடலில் எடுக்கப்பட்ட ஒரு புத்தர் சிலையை 1906இல் பிரித்தானியத் தேசாதிபதி பிளேக் சீயத்து (இன்றைய தாய்லாந்து) மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். ஊரில் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே நடக்கும்போது மட்பாண்ட ஓடுகள் கண்ணில் படலாம். குனிந்து பாருங்கள், படமெடுங்கள், பையில் போடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதற்குத் தண்டனை வைத்திருக்கிறது. அதைவிட, இடம்பெயர்ந்த ஓடு வாய் திறக்காது. எந்த மணற்படையில் கிடந்தது என்பதுதான் அதன் கதை.

கடலை இடக்கையில் வைத்துக்கொள்ளுங்கள்

கோயிலிலிருந்து தீர்த்தத்துக்குப் போகும் வழியால் கடலை நோக்கி நடவுங்கள். சூரியன் எழும் நேரத்தில் கரையில் நிற்பீர்கள். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் கடல் இடக்கைக்கு வரும். இனி மணற்காடு வரும்வரை இந்த ஒரு விதி போதும்: இரைச்சல் இடக்காதில் கேட்க வேண்டும். குன்றுகளின் நடுவே பள்ளத்தில் இறங்கினால் கடல் மறைந்துவிடும், கைப்பேசி வரைபடம் வெள்ளைத் தாளாக இருக்கும், காது மட்டும் வழி சொல்லும். கோயிலடியையும் கரைக்கு வந்த இடத்தையும் கைப்பேசியில் குறித்து வைப்பது கூடுதல் காப்பு.

முதல் ஒரு கிலோமீட்டரை அலை நனைத்த மணலில் நடந்து உடம்பைச் சூடேற்றுங்கள். நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆகவே பெருக்கில் அகப்படுவோம் என்ற பயம் தேவையில்லை. ஆனால் குளிக்க இறங்காதீர்கள். கரை சட்டென்று ஆழமாகும் இடங்கள் உண்டு, நீரோட்டம் இழுக்கும். கரைவலை இழுக்கும் நேரமானால் கயிற்றைத் தாண்டாமல், பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். பாரம் ஏறிய கயிறு துள்ளினால் கால் முறியும். அதோடு, வலையில் மீன் குறைந்தால் அன்று கயிறு தாண்டியவர் நீங்கள்தான் என்று வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியார் நினைவு வைத்திருப்பார்.

இனி வலப்பக்கம் ஏறலாம்.

மணலை ஏறும் முறை

குன்றின் எல்லாப் பக்கமும் ஒன்றல்ல. மணலின்மேல் காற்று வரைந்த வரிகளைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மென்சரிவும் ஒரு செங்குத்தும் இருக்கும். மென்சரிவு காற்று வந்த திசை, செங்குத்து காற்று போன திசை. குன்றும் அதே அச்சில் வார்த்ததுதான். காற்று வந்த பக்கம் மணல் அடித்து இறுக்கப்பட்டுக் கெட்டியாக இருக்கும், ஏறுவதற்கு அது. காற்று மறையும் பக்கம் மணல் உருண்டு விழுந்து முப்பது பாகைக்கு மேல் சாய்ந்து, தொட்டால் சரியும். இறங்குவதற்கு அது. இங்கே சோளகம் நிலப்பக்கமிருந்தும் வாடை கடற்பக்கமிருந்தும் அடிப்பதால், பருவத்துக்குப் பருவம் இந்தக் கணக்கு மாறும். போன தடவை ஏறிய பக்கம் இந்தத் தடவையும் ஏறவிடும் என்று நம்பவேண்டாம்.

நேராக ஏறாதீர்கள். குறுக்காகச் சாய்ந்து, குட்டை அடி வைத்து, முழுப் பாதத்தையும் ஊன்றுங்கள். முன்னே போகிறவரின் அடித்தடத்திலேயே பின்னால் வருபவர் மிதித்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். குண்டானவரை முன்னே விடச் சொல்வேன். என் வீட்டில் அது நான்தான்.

உச்சி வரம்பில் நின்றால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பனைக்கூட்டமும் அதற்கப்பால் நீரேரியின் வெள்ளிக்கோடும். மலைநாட்டுக் காட்சிபோல ஆளை அடிப்பதில்லை. ஆனால் கண்ணை மறிக்க ஒரு பொருளும் இல்லாத இந்த அகலம் அங்கே கிடைக்காது.

கொடி படர்ந்த சரிவில் சறுக்கி விளையாடுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பழமொழி சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மிடுக்கை நேரில் காண இங்கேதான் வரவேண்டும். அடம்பனும் இராவணன் மீசைப் புல்லும்தான் இந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு சரிவில் கொடி அறுந்தால் காற்று அந்த ஓட்டைக்குள் கையை விட்டு மணலை அள்ளத் தொடங்கும். இராவணன் மீசையின் முள் வேறு, காற்சட்டையைத் தாண்டிக் குத்தும்.

பழைய பாதையைப் படிப்பது

இந்த வழிகாட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மணலில் பாதை நிலைக்காது. காலையில் பதிந்த கால் மாலையில் இல்லை. அப்படியானால் பழைய பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஏமாற்றும் பாதையைச் சொல்கிறேன். அகலமான, இரட்டைச் சக்கரத் தடம் குன்றுக்குள் நுழைவதைப் பார்த்து, அடடா பழைய வண்டில் பாதை என்று நான் ஒரு மணி நேரம் போனேன். முடிவில் இருந்தது, கடித்துத் தின்ற கேக்போல நிற்கும் பாதிக் குன்று. அனுமதியில்லாமல் மணல் அள்ளுகிறவர்களின் உழவு இயந்திரத் தடம் அது. புதிய தடம் நேராகக் குன்றின் வயிற்றுக்குப் போகும். நடந்தவர்களின் பாதை ஒருபோதும் அப்படிப் போகாது. அது குன்றைச் சுற்றி, பள்ளத்தோடு பள்ளமாக, மரத்துக்கு மரம் வளைந்து போகும்.

வளைவதற்குக் காரணம் தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே கடலிலிருந்து வந்த உப்புநீரின்மேல் இலேசாக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் நன்னீர் உப்பை அமுக்கிக்கொண்டிருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. அந்தக் கொஞ்ச உயரத்தைத் தருவது குன்று. குன்றை அள்ளிக்கொண்டு போனால் கிணறு உவர்க்கும். வாடியில் நான் குடித்த பூவல் தண்ணீர் இப்படித்தான் கடலருகே நன்னீராக இருந்தது. குன்றுகளின் நடுப் பள்ளங்களில் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும். மீன் கடகம் சுமந்தவர் நேர்கோட்டில் நடக்கவில்லை, ஒரு பூவலிலிருந்து அடுத்த பூவலுக்கு நடந்தார்.

ஆகவே உச்சியில் நின்றுகொண்டு பாதையைத் தேடாதீர்கள், பள்ளங்களைத் தேடுங்கள். சுற்றிலும் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் பச்சை அடர்ந்திருந்தால் அங்கே போங்கள். தாழை புதர்கட்டி நிற்கும் பள்ளம் நல்ல அடையாளம். தனியாக நிற்கும் வேம்பு இன்னும் நல்லது, அது தானாக வந்திருக்கலாம், யாரோ நட்டு நீரூற்றியும் இருக்கலாம். சிதைந்த கிணற்றுக் கட்டு, நட்டுவைத்த ஒரு சூலம், விளக்கெரித்த கரி படிந்த கல், ஒரு சிலுவை என்று ஏதாவது கண்ணில் படும். இப்படி இரண்டு அடையாளம் கிடைத்தால் அவற்றை இணைத்து நீட்டுங்கள். மூன்றாவது அந்தத் திசையில் கிடைத்தால் பாதையில் நிற்கிறீர்கள். கிடைக்காவிட்டால் இடக்காதை நம்பிக் கரைக்குத் திரும்புங்கள், அவமானமில்லை.

கைவிட்ட கிணறுகளில் எட்டிப் பார்க்காதீர்கள், மணற்கிணற்றின் விளிம்பு உள்ளே சரியும். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள், காலால்கூடத் தட்டாதீர்கள். கண்ணிவெடி அகற்றிய நிலம்தான் என்றாலும் காற்று மணலைக் கிளறிப் பழையதை மேலே கொண்டுவரும் ஊர் இது. அப்படி ஏதும் கண்டால் வந்த தடத்திலேயே பின்வாங்கி 119இல் பொலிசுக்கு அறிவியுங்கள். மண்டையோட்டுப் பலகை தொங்கும் பக்கம் வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். படைமுகாம் எதிர்ப்பட்டால் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுச் சுற்றிப் போங்கள்.

சவுக்கங்காடும் புதைந்த தேவாலயமும்

மணற்காட்டை நெருங்கும்போது காற்றின் குரல் மாறும். மணலைக் கட்ட நட்ட சவுக்கங்காடு அது. உள்ளே நுழைந்ததும் வெப்பம் தோளிலிருந்து இறங்குவதை உணர்வீர்கள். நீண்ட ஓய்வை இங்கே எடுங்கள், வடையை இங்கே தின்னுங்கள், வெற்றுப் பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உதிர்ந்த சவுக்கு இலை மெத்தைக்கு அருகே நெருப்பு மூட்டவோ பீடி எறியவோ கூடாது.

காட்டைத் தாண்டி மணலுக்குள் நிற்கின்றன பழைய தேவாலயத்தின் சுவர்கள். கூரை இல்லை, மணல் உள்ளே குடிவந்திருக்கிறது. வாசல்களின் உயரத்தைப் பார்த்தால்தான் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பது உறைக்கும். சுவர்மேல் ஏறிப் படமெடுக்கிறவர்கள் உண்டு. ஏறாதீர்கள், அது தேவாலயம், அதோடு கல் பொரிந்துபோய் இருக்கிறது. இந்த ஊரை மூட மணல் மட்டும் முயலவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடலும் வந்தது. ஊருக்குள் போகும்போது அதை நினைவில் வைத்து, சத்தத்தைக் குறைத்து நடவுங்கள். உற்றாரைக் கொடுக்காத வீடு இங்கே குறைவு.

திரும்புதல்

கிராமத்திலிருந்து மேற்கே உள்வீதியால் நடந்தால் பருத்தித்துறை – மருதங்கேணி வீதி வரும். பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. காலை கொண்டுவந்து விட்ட ஓட்டோக்காரரின் இலக்கத்தை வைத்திருந்தால் இப்போது பயன்படும்.

அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. ஊரில் வயதான ஒருவரைக் கண்டு, நீங்கள் வந்த வழியைச் சொல்லுங்கள். நான் மூன்றாந்தடவை போனபோது, தாழைப் பள்ளத்தில் தொடங்கி வேம்படி ஊடாக வந்த என் பாதையைப் பெருமையாக ஒரு ஆச்சிக்கு விவரித்தேன். வெற்றிலையை மென்றபடி முழுவதையும் கேட்டார். பிறகு, "தம்பி, அது நாங்கள் மாடு தேடிப் போகிற வழியெல்லோ," என்றார். "கடகம் கொண்டு போனது தாழைக்கு மற்றப் பக்கத்தால். அங்கே ஒரு பூவல் இருந்தது. என் அம்மா அதில்தான் முகம் கழுவுவா."

அடுத்த ஞாயிறு விடியமுன் திரும்பவும் கோயிலடியில் நின்றேன். தாழைக்கு மற்றப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கத்தான் செய்தது. முழங்கால் ஆழம் கையால் தோண்டியதும் மணல் கறுத்தது, பிறகு மெல்ல நீர் ஊறியது. கலங்கல் அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.